கையை எடுக்காமல்

பகாவ் கிளினிக்கில் ஆறாம் நம்பர் அறை.
செவ்வாய், வியாழன், சனி
ஏழே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருப்பார் கஜபதி.
செம்பனைக் குலை லோரி.
இருபத்தாறு வருஷம் கிளட்ச் மிதித்த இடது கால்
தீபாவளிக்கு மறுவாரம் நீலம் பாரித்தது.

கோலாலம்பூரில்
கவட்டிலிருந்து முழங்கால்வரை
செயற்கைக் குழாய் புதைத்து
ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போட்டார்கள்.
"ரோட்டுல போடுவானுங்களே, டைவர்ஷன்,
அதானே மிஸ்ஸி?"
அதேதான்.
பாதை நன்றாக ஓடியது. பாதம் கதகதத்தது.
தோண்டிய இடம்தான் மூடவில்லை.

கவட்டுப் புண்.
பெண்பிள்ளை முன்னால் லுங்கி விலக்க வேண்டும்.
மேலே மின்விசிறியைப் பார்த்தபடி
தான் ஓட்டிய லோரிகளின் நம்பர்களை
ஒவ்வொன்றாகச் சொல்வார்.
நான் கேட்டதில்லை.
நிறுத்தச் சொன்னதும் இல்லை.

முதல் பதினைந்து நாள்
தெளிந்த மஞ்சள் நீர்.
வெட்டுப்பட்ட நிணக்குழாய்கள் கசிகின்றன என்று
கார்டில் எழுதினேன்.
அவர் மனைவி சிந்தாமணி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"மரத்துல ஒழுகுனா கிலோவுக்குக் காசு.
இதுக்குப் பஞ்சு நாமதான் வாங்கணும்."

பிறகு பச்சை.
பிறகு வாடை.
குச்சி நுழைத்து ஆழம் பார்த்தேன்:
மூன்று சென்டிமீட்டர்.
அடுத்த வாரம் நாலரை.
சிரம்பானுக்குக் கடிதம் போட்டேன்;
ஏழாம் தேதி வரச் சொன்னார்கள்.

ஐந்தாம் தேதி வியாழன்.
கட்டை அவிழ்த்தேன்.
பஞ்சின் நடுவில் ஒரே ஒரு பொட்டு,
புத்தம் புதிய சிவப்பு.
"வெத்தலை துப்புன மாதிரி இருக்கு" என்று
அவர் சிரித்தார்.
எனக்கு வாய் உலர்ந்தது.
குழாய் தைத்த இடம் இற்றுப்போனால்
முதலில் ஒரு துளிதான் வந்து கதவைத் தட்டும்.

போனை எடுத்தேன்.
அதற்குள் அது வந்துவிட்டது:
என் ஏப்ரனில், சுவரில்,
சுவரிலிருந்த சத்துணவுப் படத்தின் காரட்டில்.
முட்டியை மடக்கிப் புண்ணுக்குள் வைத்து
உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்தேன்.

அப்படியே ஆம்புலன்ஸ்.
அப்படியே கோலப்பிலா.
புக்கிட் புத்துஸ் புதுச்சாலை அப்போது பாதிதான் முடிந்திருந்தது;
பழைய வளைவுகள் அத்தனையும் மிச்சம்.
முழங்காலில் நிற்கிறேன், பிடிக்க இன்னொரு கை இல்லை.
கண் மூடிக் கிடந்தவர் சொன்னார்:
"இப்ப வலது பக்கம் தள்ளும் மிஸ்ஸி.
காலை அகட்டிக்குங்க."
தள்ளியது.
"அடுத்தது கொண்டை ஊசி. இடது."
பேசாதீங்க என்றேன்.
"பேசலைன்னா நீங்க விழுந்துருவீங்க.
நீங்க விழுந்தா நான் போயிருவேன்."
ஒரு வளைவு விடாமல் சொன்னார்,
முப்பது டன் பாரத்தோடு இறங்குகிறவர் மாதிரி.
நடுவில் ஒருமுறை, குரல் மெலிந்து:
"புத்துஸ்னா மலாய்ல அறுந்ததுன்னு அர்த்தம்.
என்னா பேரு வச்சிருக்கானுங்க பாருங்க."

சிரம்பானில் ஒரு டாக்டர்
என் கைக்கு அடியில் தன் கையை நுழைத்து
"இனி எடுக்கலாம்" என்றார்.
விரல் விரியவில்லை.
அட்டெண்டர் ஒருவர்
ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அழுகிய குழாயை எடுத்தார்கள்.
வலது கால் நரம்பை உருவி
சீழ் தொடாத வழியில் தைத்தார்கள்.
தொடைத் தசை ஒன்றை மடித்துப் போர்த்தி மூடினார்கள்.
இரண்டு கால்விரல் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலி,
ஏழே முக்கால்.
புண்ணுக்குள் சேவற்கொண்டை நிறத்தில்
பொடிப்பொடியாகப் புதுத் தசை.
தொட்டால் லேசாகக் கசிகிறது.
கசியட்டும், அது உயிருள்ள கசிவு.

மின்விசிறியைப் பார்த்து நம்பர்களைத் தொடங்கியவர்
பாதியில் நிறுத்திக் கேட்டார்:
"உங்க கை எப்படி இருக்கு மிஸ்ஸி?"

குச்சியை நுழைத்தேன்.
எட்டு மில்லிமீட்டர்.
எழுதிக்கொண்டேன்.